டீச்சர் பதில்கள்: இந்த ஏழரை நல்ல ஏழரை

(காரைக்குடி வட்டாரத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் நெடுங்காலம் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மருத்துவப் படிப்பைப் பற்றியவை. நீட் முடிவு வந்து கலந்தாய்வு நெருங்கும் நேரத்தில் வேறு எதைக் கேட்பார்கள்? மாமியார் தகராறும் செம்பருத்தியில் மாவுப்பூச்சியும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளட்டும்.

பள்ளத்தூர் வாசகர்: கல்யாண வீடுகளில் சமையல் வேலை செய்பவன் நான். என் மகள் 6 முதல் 8 வரை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தாள். 9 முதல் 12 வரை அரசுப் பள்ளி. அவளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு கிடையாது என்கிறார்கள். இரண்டு பள்ளியிலும் ஒரே சத்துணவைத்தானே சாப்பிட்டாள்?

உங்கள் கடைசி வரியை அப்படியே கோட்டைக்கு அனுப்பி வைக்கலாம் ஐயா. ஆனாலும் உங்களுக்குச் சொன்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவ இடங்களில் 7.5 சதவீதத்தை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி 2020-ல் வந்த சட்டப்படி, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை முழுவதும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் எல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். உதவி பெறும் பள்ளி வராது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் மெட்ரிக் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு இந்த ஒதுக்கீடு உண்டு. உங்கள் மகளுக்கு இல்லை.

இது நம் செட்டிநாட்டில் நன்றாகவே இடிக்கிறது. இங்கே பல ஊர்களில் முதலில் வந்த பள்ளிக்கூடம் நகரத்தார் அறக்கட்டளை வைத்தது. கோயில் கட்டினார்கள், ஊருணி வெட்டினார்கள், கூடவே பள்ளியும் வைத்தார்கள். அந்தப் பள்ளிகள்தான் இன்று 'உதவி பெறும் பள்ளி' என்ற பட்டியலில் நிற்கின்றன. வைத்தவர் பெயரைப் பலகையில் பார்த்துவிட்டுச் சென்னையில் இருப்பவர்கள் ஏதோ பணக்காரப் பள்ளி என்று நினைக்கக்கூடும். உள்ளே உட்கார்ந்திருப்பது ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைத் தொழிலாளியின் பிள்ளை. பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டைக் கூட்டிப் பெருக்கிக் காவல் இருப்பவரின் பிள்ளை.

அரசுக்கு இது புரியாமல் இல்லை. காலை உணவுத் திட்டத்தை 2024-ல் ஊரகத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் கொண்டுபோனார்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்தது; பிறகு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் கிடைத்தது. உப்புமாவுக்கும் ஆயிரம் ரூபாய்க்கும் திறந்த கதவு மருத்துவ இடத்துக்கு மட்டும் ஏன் திறக்கவில்லை என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

மகளின் காரியத்துக்கு வருவோம். 69 சதவீத இட ஒதுக்கீட்டில் உங்கள் வகுப்புக்குரிய இடம் அவளுக்கு எப்போதும் உண்டு. பொதுக் கலந்தாய்வுக்குக் கட்டாயம் விண்ணப்பியுங்கள். பல் மருத்துவத்தையும் சேர்த்துக் குறியுங்கள். வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான் என்றால் அந்தச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இன்றே மனுக் கொடுங்கள்.

ஐந்தாம் வகுப்பில் பிள்ளை வைத்திருக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த ஒதுக்கீட்டின் கணக்கு ஆறாம் வகுப்புச் சேர்க்கையன்றே தொடங்கிவிடுகிறது. நீட் என்ற பெயரே தெரியாத பதினொரு வயதில்.

ஆ.தெக்கூர் மாணவர்: நீட் வேண்டுமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

வேண்டாம். ஆனால் நீ படி. சட்டமன்றம் 2021-ல் விலக்கு மசோதா நிறைவேற்றியது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், மறுபடி நிறைவேற்றினார்கள், குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை என்று 2025-ல் தெரிந்தது. இந்த இழுபறி முடிவதற்குள் நீ பேரன் எடுத்துவிடுவாய். (ஒரே வார்த்தை கேட்டாய். டீச்சரிடம் கேட்டால் இப்படித்தான்.)

காரைக்குடி வாசகர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி: ஏழைப் பிள்ளைகள் மேல் எனக்கும் அக்கறை உண்டு. ஆனால் குறைந்த மதிப்பெண்ணில் சேர்ந்தவர் நாளை எனக்கு அறுவை சிகிச்சை செய்வார் என்றால் அச்சமாக இருக்கிறதே. தரம் என்ன ஆகும்?

ஐயா, ஒதுக்கீடு வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே போனபின் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்று. தேர்ச்சி மதிப்பெண் ஐம்பது சதவீதம், அதுவும் எல்லோருக்கும் ஒன்று. நாலரை ஆண்டுப் படிப்பையும் ஓராண்டுப் பயிற்சியையும் முடிக்காமல் யாரும் உங்கள் வயிற்றில் கத்தி வைக்கப்போவதில்லை.

இன்னொன்றையும் கேட்கிறேன். தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டிலும் வெளிநாடு வாழ் இந்தியர் ஒதுக்கீட்டிலும் நீட்டில் தகுதிக் கோட்டைத் தொட்டவர், பணம் இருந்தால் சேர்ந்துவிடலாம். அவரைப் பற்றி உங்களுக்கு அச்சம் வந்ததுண்டா? இத்தனை ஆண்டுகளில் தரத்தைப் பற்றி எனக்கு வந்த கடிதம் ஒன்றுகூட அந்தப் பக்கம் திரும்பியதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2010-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களிலேயே, கிராமங்களில் மருத்துவர் வேண்டும் என்றால் கிராமத்துப் பிள்ளைகளைச் சேருங்கள் என்று சொல்லியிருக்கிறது. அவர்கள்தான் அங்கே தங்குகிறார்கள் என்பது காரணம். இதை நானே பார்த்தேன். முதுகுவலி என்று வந்த அரிசி ஆலைத் தொழிலாளியிடம் ஒரு மருத்துவர் 'இரண்டு வாரம் பாரம் தூக்காதீர்கள்' என்றார். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு மறுநாள் மூட்டை தூக்கப் போனார். போகாவிட்டால் சோறு இல்லை. அவரே அடுத்த முறை போனபோது மருத்துவராக இருந்தது வேறொரு மூட்டை தூக்குபவரின் மகள். 'எத்தனை கிலோ மூட்டை, எந்தத் தோள், லாரியில் ஏற்றுகிறீர்களா, இறக்குகிறீர்களா?' என்று கேட்டாள். கணக்குப்பிள்ளையிடம் சொல்லி, பத்து நாள் சாக்குத் தைக்கும் வேலைக்கு மாற்றிக்கொள்ள ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். மாத்திரை இரண்டு பேரும் ஒன்றுதான் எழுதினார்கள்.

புதுவயல் வாசகி: என் மகன் போன வருடம் 7.5 சதவீதத்தில் அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தான். அவன் அப்பா அரிசி ஆலையில் வேலை. சேர்ந்தபோது பஸ் ஸ்டாண்டில் அவன் படத்தைப் போட்டு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். இப்போது முதலாண்டில் உடற்கூறியலில் தோற்றுவிட்டான். ஊருக்கு வர மாட்டேன், படிப்பை விட்டுவிடுகிறேன் என்கிறான். எனக்குத் தூக்கமே இல்லை டீச்சர்.

முதலில் சட்டம், பிறகு சமாதானம். தோற்ற பாடத்துக்கு மட்டும் சில வாரங்களில் துணைத் தேர்வு உண்டு. அதில் தேறினால் தன் வகுப்பிலேயே, அதே நண்பர்களோடு இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம், ஓராண்டு வீணாகாது. முதலாண்டுப் பாடங்களை முடிக்க மொத்தம் நான்கு முயற்சிகள் வரை விதி இடம் தருகிறது. அவன் ஒன்றைத்தான் செலவழித்திருக்கிறான். படிப்பை விடுகிற பேச்சுக்கே இடம் இல்லை.

உடற்கூறியலில் தோற்பது பெரிய அதிசயமும் அல்ல. டாக்டர் வீட்டுப் பிள்ளைகளும் தோற்கிறார்கள். அவர்களுக்கு ஃபிளெக்ஸ் வைக்காததால் ஊருக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இனி என் பக்கத்துக் கதை. என் பழைய மாணவி ஒருத்தி, அவளும் இந்த ஒதுக்கீட்டில் போனவள், விடுமுறைக்கு வந்தபோது துணிப்பையில் ஒரு தொடை எலும்பைக் கொண்டுவந்தாள். (எதிர்வீட்டு ஆச்சி அதைப் பார்த்துவிட்டு என் வீட்டில் காபி குடிப்பதை நிறுத்திக்கொண்டது தனிக் கதை.) முகப்பில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு, தலைப் பந்து இடுப்புக் குழியில் எப்படி உட்காரும், எந்தத் தசை எந்த மேட்டில் ஒட்டும், ரத்தக்குழாய் எந்தத் துளை வழியாக நுழையும் என்று விரலால் தடவித் தடவிச் சொன்னாள். ஓரிடத்திலும் பிசகவில்லை. 'வாய்மொழித் தேர்வில் என்ன கேட்டார்கள்?' என்றேன். 'இதே எலும்புதான் டீச்சர்.' 'என்ன சொன்னாய்?' 'ஒன்றும் சொல்லவில்லை.'

ஆங்கிலத்தில் முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். தேர்வாளர் இவளுக்குத் தெரியாது என்று எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். உங்கள் மகனுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள். எழுத்துத் தேர்வில் எத்தனை, செய்முறையிலும் வாய்மொழியிலும் எத்தனை என்று பிரித்துப் பார்த்தாலே ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும்.

வழி இருக்கிறது. சீனியர் ஒருவரைப் பிடித்து, தினமும் இரவு அரை மணி நேரம் ஓர் எலும்பைக் கையில் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்லட்டும். இவன் உரக்கப் பதில் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில், தப்பும் தவறுமாக. இலக்கணத்துக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. எலும்புப் பெட்டி சொந்தமாக இல்லை என்றால் அதே சீனியரிடம் இரவல் கேட்கட்டும். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு அம்மாவுடைய பெட்டி அலமாரியில் கிடக்கும், சந்தேகம் கேட்கச் சாப்பாட்டு மேசையில் ஆள் இருக்கும். நம் பிள்ளை வெட்கத்தை விட்டு நான்கு பேரிடம் கேட்டுத்தான் அதையெல்லாம் சம்பாதிக்க வேண்டும். கல்லூரியில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆசிரியரை வழிகாட்டியாகப் போட்டிருப்பார்கள். அவர் பெயரே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: அவனை இப்போது ஊருக்கு வரச் சொல்லாதீர்கள். நீங்களும் அவன் அப்பாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சீப்புச் சீடையோ மணகோலமோ கொஞ்சம் கூடுதலாகவே கொண்டுபோங்கள், அறைத் தோழர்களுக்கும் சேர்த்து. அந்தச் சீனியரும் அப்போதுதான் அகப்படுவார். போகிற இடத்தில் கடன் கணக்கைப் பேச வேண்டாம். ஃபிளெக்ஸ் இன்னும் தொங்குகிறது என்றால் கழற்றி வாருங்கள், மழைக்கு மாட்டுக்கொட்டகைக்கு ஆகும்.

கண்டனூர் வாசகி: இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கை, 'அங்கே எல்லாம் தகுதிதான், இட ஒதுக்கீடு கிடையாது' என்று ஒவ்வொரு முறை வரும்போதும் சொல்கிறாள். உண்மையா?

பாதி உண்மை. நம்மைப் போல் இத்தனை சதவீதம் என்று அங்கே எடுத்து வைப்பதில்லை. ஆனால் நம்மிடம் இருக்கும் அதே நோய் அங்கேயும் இருந்தது. 2014-ல் அங்கத்து மருத்துவக் கல்லூரிகளின் மன்றமே ஓர் அறிக்கை வெளியிட்டது. நாட்டின் பள்ளிகளில் ஏறக்குறைய பாதியிலிருந்து மருத்துவப் படிப்புக்கு ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. விண்ணப்பித்தவர்களில் 80 சதவீதம் பேர் 20 சதவீதப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். மருத்துவ இடங்களை அள்ளிய தனியார் பள்ளிகளுக்குப் பேர்போன நம் நாமக்கல், வெள்ளைக்காரன் ஊரிலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் செய்ததில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 2001 முதல் ஒரு நீட்டித்த மருத்துவப் படிப்பு நடக்கிறது. சாதாரண அரசுப் பள்ளிகளிலிருந்து வருபவர்களை, மற்றவர்களை விடக் குறைந்த மதிப்பெண்ணில் சேர்க்கிறார்கள். முதலாண்டுப் பாடத்தை இரண்டு ஆண்டுகளுக்குப் பரப்பி, கூடுதல் ஆசிரியர் துணையோடு நடத்துகிறார்கள். அதன்பின் எல்லோரும் ஒரே வகுப்பு, ஒரே இறுதித் தேர்வு, ஒரே பட்டம். மேலே புதுவயல் அம்மாவின் கடிதத்தைப் படித்தீர்களா? நாம் இடத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்தோம். 2020-க்கு முன்பு ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவில் போன அரசுப் பள்ளிப் பிள்ளைகள், முதல் ஆண்டிலேயே முந்நூறுக்கு மேல் போனார்கள். கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இதெல்லாம் இங்கிலாந்துக்காரர்கள் கனவிலும் செய்யாதது. ஆனால் சேர்த்துவிட்ட பிறகு அந்த முதல் ஆண்டில் கூடவே நிற்பதற்கு நம்மிடம் வகுப்பு தொடங்கும்போது நடக்கும் அடிப்படைப் பயிற்சியைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த ஒதுக்கீட்டுக்காக அரசு அமைத்த நீதிபதி கலையரசன் குழு பத்து சதவீதம் பரிந்துரைத்தது, ஏழரைதான் கிடைத்தது என்று இன்னமும் சண்டை போடுகிறோம், போட வேண்டியதுதான். ஆனால் என்னைக் கேட்டால் அந்த இரண்டரைக்கு முன்பாக முதலாண்டு மாலை வகுப்பைத்தான் கேட்பேன்.

தங்கையிடம் கிங்ஸ் கல்லூரியைப் பற்றிச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது பேச்சை மாற்றிவிடுவாள்.

திருப்பத்தூர் வாசகர்: ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்விக் கட்டணம் அரசு கட்டும், ஆனால் 'இதர கட்டணம்' நீங்கள் கட்டுங்கள் என்று கல்லூரியில் கேட்கிறார்கள். என்ன செய்வது?

எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று கல்லூரி முத்திரையோடு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினாலே பாதி விடை கிடைத்துவிட்டது. தந்தால் நகலை இணைத்து, கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழுவுக்கு பதிவுச் சேவையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

கோட்டையூர் மாணவி: இந்த ஆண்டு எனக்கு இடம் கிடைக்கவில்லை. இன்னொரு முறை எழுதலாமா?

ஒரு முறை எழுது. ஒதுக்கீட்டில் போகும் பலர் இரண்டாம் முயற்சியில் போனவர்கள்தான், விதியும் தடுக்கவில்லை. ஆனால் தங்கிப் படிக்கும் கோச்சிங்குக்காக அப்பா நகையை வைக்கப்போகிறார் என்றால் வேண்டாம். 180 கேள்வியில் 90 உயிரியல். உன் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படி. தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிப்பார்கள், அதனால் குருட்டாம்போக்கில் குறிக்காதே. வினாத்தாளைத் தமிழில் வாங்கினாலும் ஆங்கில வரியும் கூடவே இருக்கும். குழப்பம் வந்தால் ஆங்கிலத்தில் இருப்பதுதான் முடிவு, பழகிக்கொள். அதற்கிடையில் செவிலியர் படிப்புக்கும் விண்ணப்பித்து வை. மூன்றாம் முறை பற்றி இப்போது பேச வேண்டாம்.

தேவகோட்டை வாசகி: பெண்ணை டாக்டருக்குப் படிக்க வைத்தால் அப்புறம் மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம் என்கிறார் என் மாமியார்.

மாமியார் கடிதங்கள் அடுத்த இதழுக்கு என்று சொன்னேன், இருந்தாலும் விட மனமில்லை. பக்கத்துப் புதுக்கோட்டையில் தேவதாசி குலத்துத் தாய்க்குப் பிறந்த பெண் ஒருத்தி, ஆண்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் எதிர்ப்புக்கு நடுவே மன்னர் தயவால் சேர்ந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் தேறினார். முத்துலட்சுமி ரெட்டி. இரண்டு ஆண்டு கழித்து டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, சரிசமமாக நடத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் மணந்தார். மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். நூறு வருடத்துக்கு முன்பே கிடைத்த மாப்பிள்ளை இப்போது கிடைக்கமாட்டாரா என்று மாமியாரிடம் கேளுங்கள்.

காரைக்குடி மாணவன்: நாங்கள் நரிக்குறவர். என்னிடம் பழைய எம்.பி.சி. சாதிச் சான்றிதழ்தான் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பிரிவு. அதை வைத்தே விண்ணப்பிக்கலாமா?

கூடாது தம்பி, மாற்று. நரிக்குறவர் சமுதாயம் 2023 சனவரியில் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தர மாட்டார், கோட்டாட்சியர்தான் தருவார். நம் தாலுகாவுக்கு தேவகோட்டை கோட்டாட்சியர் அலுவலகம். அப்பா, அம்மா சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து இணையத்தில் மனுப் போட்டு, மனு எண்ணைக் குறித்து வைத்துக்கொள். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், பெரியவர் ஒருவரோடு போ. இதற்கு நாள் பிடிக்கும். நீட் விண்ணப்பம் வரும்வரை காத்திருந்தால் ஏமாந்துபோவாய். விண்ணப்பக் கட்டணமும் உனக்கு 1,000 ரூபாய்தான், 1,600 அல்ல. தாமதமானால் திங்கட்கிழமை சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் நடக்கும், அங்கே மனு எண்ணோடு போய்க் கொடு. ஆறாம் வகுப்பிலிருந்து எந்தெந்தப் பள்ளியில் படித்தாய் என்று எழுதவில்லையே? எல்லாம் அரசுப் பள்ளி என்றால் ஒவ்வொரு தலைமையாசிரியரிடமும் படிப்புச் சான்று வாங்கத் தொடங்கு. பழைய பள்ளியில் பதிவேட்டைத் தேடுகிறோம் என்று இழுத்தால் எனக்கு எழுது, அந்தப் பக்கத்துத் தலைமையாசிரியர்களில் பாதிப் பேர் என்னிடம் விலங்கியல் படித்தவர்கள்.